குழவிக் கல்லும் கடல் சாமந்தியும்

அருப்புக்கோட்டையில் குடைக் கடை வைத்திருப்பவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையேதான் ஊரும் நினைத்தது. மழையைப் பஞ்சாங்கத்தில் மட்டும் பார்க்கிற ஊர் எங்களுடையது. கடைக்கு வருகிறவர்கள் வெயிலுக்குக் குடை கேட்பார்கள். அதிலும் பாதிப் பேர் பழைய குடைக்குக் கம்பி மாற்ற வந்தவர்கள். நாலு பேர் மதிக்கும்படி ஏதாவது செய்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் அரிப்பு. எழுபத்திரண்டாம் வருசக் கோடையில் அதற்கு வழி பிறந்தது. ஊருக்குள் கடலையே கொண்டு வந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கொண்டும் வந்தேன். கடலின் நீளம் இரண்டு முழம். அகலம் ஒரு முழம். நாலு பக்கமும் கண்ணாடி.

கடலைக் கொடுத்தவன் என் மைத்துனன் ராஜகுரு. என் மனைவி கோகிலாம்பாளின் தம்பி. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தான். விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டியபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு தொட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். சொந்த ஊரான திருச்சுழியில் அதை வைக்க இடமில்லை. அவன் பெண்டாட்டி தலைப்பிள்ளையோடு தாய் வீட்டிலிருந்து வரப்போகிறாள். வீடு கொள்ளாத கூட்டம். அதனால் எங்கள் முன்னறையில் இறக்கினான்.

தொட்டிக்குள் இருந்தது மீன் அல்ல. ஒரே ஒரு கடல் சாமந்தி. பார்க்கப் பூ, பழகினால் பிராணி. தண்டு மாதிரி உடம்பு. தலையைச் சுற்றி ரோஸ் நிறத்தில் விரல் விரலாக ஆடும். அடியில் வட்டமாக ஒரு பாதம். மீன் துண்டைக் குடைக் கம்பியில் குத்தி நீட்டினால் அத்தனை விரலும் சேர்ந்து வாங்கி உள்ளே தள்ளிக்கொள்ளும். ஏதாவது சத்தம் கேட்டால் சுருங்கி, பிசைந்து வைத்த மாவு உருண்டை மாதிரி ஆகிவிடும். இந்த ஒரு விசயத்தில் எனக்கும் அதற்கும் ஒற்றுமை உண்டு.

"அத்தான், பாறையில ஒட்டியிருந்ததை வழியிலயே விட்டுருச்சு," என்றான் ராஜகுரு. "இப்பக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பின்னால போயி ஒளியுது. நல்லா வழவழன்னு ஒரு கருங்கல்லு போட்டு வைங்க. ஏறி உக்காந்துக்கிடும்."

"உக்காந்தா?"

"உக்காந்தா எந்திரிக்காது. பிடிச்சா பிடிச்சதுதான்."

"எடுக்கணும்னா என்ன மாப்ளே செய்ய?"

"இழுக்கவே கூடாது. பாதம் கிழிஞ்சா அழுகிச் செத்துரும். அதுவா விடணும். கல்லுக்கு அடியில ஐஸக் காட்டுனா சில சமயம் விடும். தண்ணியப் பீச்சி அடிச்சா எடம் மாறும். இல்லேன்னா நகத்தால ஓரத்துல மெள்ள நெம்பலாம். அதுக்குப் பொறுமை வேணும். பாத்துக்கோங்க அத்தான். இது செத்துச்சுன்னா காலேஜுல எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்."

அடுப்படியில் அம்மி அரைக்கிற சத்தம் அப்போது ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. மசாலாவுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமந்திக்குக் கடல் தண்ணீர் வேண்டும். அதற்கு ஆள் கிடைத்தார். வீரசோழன் ஊர்க்காரர் மைதீன் பிச்சை. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு உப்பு லோடு அடிக்கிற லாரி டிரைவர். அவர் கடற்கரையில் இரண்டு தகர டின்னில் தண்ணீர் மொண்டு, எங்கள் ஊர் எல்லையில் பந்தல்குடி ரோட்டு டீக்கடையில் இறக்கிவிட்டுப் போவார். நான் சைக்கிளில் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டி வீட்டுக்கு உருட்டி வருவேன். முதல் முறை வந்தபோது கோகிலாம்பாள் வாசலில் நின்றிருந்தாள். அவள் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

"அது என்ன டின்னு?"

"கடல் தண்ணி. தூத்துக்குடியிலருந்து வருது."

"சைக்கிள்லயா கொண்டாந்தீக?"

"பின்னே? தலையிலயா வைக்க முடியும்?"

"நல்ல தண்ணிக் கிணத்துலருந்து ரெண்டு குடம் சைக்கிள்ல கட்டிக் கொண்டாங்கன்னு கல்யாணம் ஆன நாள்லருந்து கேக்குறேன்."

"கோகிலா, ஒரு கடை மொதலாளி குடத்தைக் கட்டிக்கிட்டுத் தெருவுல போனா ஊரு என்ன சொல்லும்?"

"டின்னைக் கட்டிக்கிட்டுப் போனா?"

"அது விஞ்ஞானம்."

அவள் குடத்தை இறக்க உள்ளே போனாள். விஞ்ஞானம் என்ற சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் தெருக் கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கும் பருப்பு வேகவும் ஊருக்கு வெளியே இருக்கிற கிணற்றுக்குத்தான் போக வேண்டும். விடியும் முன்பே பெண்கள் வரிசை. இதில் ஒரு தர்மசங்கடம். தொட்டித் தண்ணீர் வெயிலுக்கு வற்றினால் உப்பு ஏறிவிடும். அதைச் சரிக்கட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று ராஜகுரு சொல்லியிருந்தான். ஆகவே அவள் சுமந்து வந்த குடத்திலிருந்து நான் தினமும் ஒரு செம்பு மொண்டு சாமந்திக்கு ஊற்றுவேன். கோகிலாம்பாள் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். எங்கே பயந்தேன்? சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் என் கடலைப் பார்க்கத் தெருவே வர ஆரம்பித்தது. ஆனால் சாமந்தி கண்ணாடிக்குப் பின்னால் சுவர்ப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் குனிந்து, நிமிர்ந்து, சுவரில் கன்னத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் தண்ணிதான அண்ணாச்சி இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மானம் போயிற்று. வழவழப்பான கருங்கல் ஒன்று உடனே வேண்டும். கரிசல் காட்டில் சுண்ணாம்புக் கல் கிடைக்கும். உடைந்த செங்கல் கிடைக்கும். வழவழப்பான கருங்கல்லுக்கு எங்கே போவது?

அப்போதுதான் அரிசி டின்னுக்குப் பின்னால் மஞ்சள் துணியில் சுற்றி நிறுத்தியிருந்த குழவி ஞாபகத்துக்கு வந்தது.

அது தினமும் அரைக்கிற குழவி இல்லை. என் மாமியார் வீட்டுக் குழவி. அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்குத் தொட்டில் போட்டாலும், முதலில் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பூச் சுற்றித் தொட்டிலில் கிடத்தி ஆட்டுவார்கள். கல் மாதிரி பிள்ளை நிலைத்து இருக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகுதான் பிள்ளையைப் போடுவார்கள். கோகிலாம்பாள் மூத்த மகள் என்பதால் கல் அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் கல்தான் முதலில் தொட்டிலில் படுத்தது. ஆனால் அன்றைக்கு மஞ்சளும் பூவுமாக மூடியிருந்ததால் கல்லின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை.

கோகிலாம்பாள் தண்ணீருக்குப் போன நேரமாகப் பார்த்து மஞ்சள் துணியை அவிழ்த்தேன். கல் கன்னங்கரேல் என்று இருந்தது. கழுவித் தொட்டியில் வைத்துவிட்டு, துணிக்குள் ஒரு செங்கல்லைச் சுற்றி வைத்தேன். சாயங்காலத்துக்குள் சாமந்தி மெள்ள ஊர்ந்து வந்து கல்லின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, அத்தனை விரலையும் விரித்தது. அன்று வந்த கூட்டம் வாயைப் பிளந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அந்தக் கல்லு ஏது?" என்றாள் கோகிலாம்பாள்.

"கடல் கல்லு. லாரியில வந்துச்சு."

"அப்படியா? பாக்க நம்ம ஊருக் கல்லு மாதிரியே இருக்கு."

"கல்லுல என்ன ஊரு பேரு எழுதியா இருக்கும்?"

"அதுவும் சரிதான்," என்று போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டி வந்த நாளிலிருந்துதான் எங்கள் வீட்டுப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அதுவரைக்கும் ஒழுங்காக இருந்த கதவு. திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம். சாமந்தி சுருங்கி உருண்டையாகும். நானும் ஒரு துள்ளு துள்ளுவேன்.

பிறகு ஒரு நாள் காலையில் கோகிலாம்பாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருச்சுழிக்குக் கிளம்பினாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை தம்பி மகனுக்குத் தொட்டில் போடுறோம். பத்தரைக்கு நல்ல நேரம். காலையிலயே வந்துருங்க. வரும்போது மறக்காம அந்தக் குழவிய எடுத்தாந்துருங்க."

அவள் பையைத் தூக்கிக் கொடுக்கப் போனவன் கீழே வைத்துவிட்டேன்.

"நீயே இப்ப எடுத்துக்கிட்டுப் போனா என்ன?" என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. எடுக்கப் போனால் செங்கல் அல்லவா வரும்!

"அத்தை புருசன் கையால கல்லு வரணும். அதான எங்க வீட்டு முறை? எங்கம்மா பிரம்புத் தட்டெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருப்பாக."

பஸ் போய்விட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். கல்லைக் கொண்டு போகவில்லை என்றால் மாமியார். சாமந்தியைக் கிழித்துக் கல்லை எடுத்தால் மைத்துனன் வேலை போகும், அப்போதும் மாமியார். வேறு குழவியைக் கொண்டு போய்ச் சமாளிக்கலாம் என்றால், அந்தக் கல்லை என் மாமியார் கண்ணை மூடித் தடவியே அடையாளம் சொல்லிவிடுவார். இவை எல்லாவற்றையும் விட ஒரு பயம் எனக்குள் நுழைந்துவிட்டது. சாத்திரம் சம்பிரதாயம் என்று நான் அதிகம் பார்க்கிறவன் இல்லை. ஆனால் நான் இன்னும் முகம் பார்க்காத ஒரு பச்சைப் பிள்ளை. என் பவிசுக்காக அதன் கல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். நாளைக்கு அதற்கு ஒரு சளி பிடித்தால்கூட எனக்குத் தூக்கம் வராது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சாமந்தியிடம் கெஞ்சினேன். "தாயி, கொஞ்சம் எறங்கிக்கிறியா? வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் திருப்பி ஏறிக்க." அது விரலை ஆட்டியது. சரி என்கிறதா, போடா என்கிறதா என்று தெரியவில்லை.

அடுத்தது நகம். எனக்கு நகத்தை ஒட்ட வெட்டுகிற வழக்கம். இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் ஓரத்தை நெம்பினேன். ஓரம் வழுவழுவென்று இருந்தது. நெம்பினேன். ஓர் அரிசி அகலம் எழும்பியது! இன்னும் கொஞ்சம் நெம்பினேன். இரண்டு அரிசி அகலம்!

டமார்.

பின்கதவுதான். சாமந்தி ஒரே இழுப்பில் சுருங்கி, எழும்பின ஓரத்தையும் சேர்த்துக் கல்லைக் கவ்விக்கொண்டது. நான் கதவைப் போய் ஓர் உதை விட்டேன். கதவுக்கு வலிக்கவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுச் சோடாக் கடையில் ஐஸ் கட்டி வாங்கினேன். மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். வாங்கும்போது பூசணிக்காய் அளவு. சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்து பிரித்தால் எலுமிச்சம்பழ அளவு. மிச்சமெல்லாம் என் வேட்டியில். இருந்ததை ஒரு டம்ளரில் போட்டு, தண்ணீருக்குள் சாயாமல் கல்லின் அடியில் பிடித்தேன். சாமந்தி லேசாக ஒருபக்கம் சாய்ந்தது. குளிர்கிறது போல! நான் மூச்சு விடவில்லை. இன்னும் சாய்ந்தது. ஐஸ் கரைந்து முடிந்தது. அது நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசியாகத் தண்ணீரைப் பீச்சுவது. பீச்சுவதற்கு வீட்டில் என்ன இருக்கிறது? எங்கள் கல்யாணத்துப் பன்னீர்ச் செம்பு இருந்தது. அதில் கடல் தண்ணீரை நிரப்பி, தொட்டிக்குள்ளேயே கவிழ்த்துப் பாதத்தைப் பார்த்துக் குலுக்கினேன். சாமந்திக்குப் பரம சந்தோசம். மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கப்பட்ட சம்பந்தி மாதிரி முகம் மலர்ந்து இன்னும் அழுத்தி உட்கார்ந்தது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"தொட்டிக்குள்ள கைய விட்டுக்கிட்டு என்ன செய்றீக அண்ணாச்சி?"

"குளிப்பாட்டுறேன்."

"தண்ணிக்குள்ள கெடக்குறதயா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நாலு நாளாக யாரிடமும் பேசாமல் இருந்தவன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல், செங்கல், சாமந்தி, வெள்ளிக்கிழமை. முருகேஸ்வரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தொட்டில் கல்லையா போட்டீக? அய்யய்யோ! மதினிக்குத் தெரிஞ்சா?"

"தெரியக் கூடாதுன்னுதான இம்புட்டுப் பாடு படுறேன்!"

"எங்க வீட்டுத் தோசைக் கரண்டி எடுத்தாரட்டுமா? ஒரே இழுப்புல சுரண்டிப்புடலாம்."

"வேணாம்மா! பாதம் கிழிஞ்சா செத்துப்போகும்."

"பூவுக்குப் பாதமா?"

"அது பூ இல்லம்மா."

"அப்ப மீனா?"

"மீனும் இல்ல."

"ரெண்டும் இல்லாததுக்கா மதினி கொண்டாந்த நல்ல தண்ணிய ஊத்துனீக?"

டமார் என்று பின்கதவு அடித்தது. நான் துள்ளியதில் பன்னீர்ச் செம்பு தொட்டிக்குள் விழுந்தது.

"அந்தக் கதவுக்கு ஒரு கல்ல முட்டுக் குடுத்தா என்ன அண்ணாச்சி? சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது."

"கல்லுக்கு நான் எங்கம்மா போவேன்? இருக்கிற ஒரு கல்லு படுத்துற பாடு போதாதா?"

முருகேஸ்வரி தொட்டியில் இருந்த கல்லை உற்றுப் பார்த்தாள். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்படியே ஓடிவிட்டாள். என் நிலைமையைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தேன். நல்ல மனசு உள்ள பெண் என்றும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சாமந்தி இறங்கவில்லை. வேறு வழி இல்லாமல் கல்லோடு சேர்த்து அதைத் தூக்கினேன். தகர டின் ஒன்றில் கடல் தண்ணீர் நிரப்பி, கல்லை மெள்ள இறக்கி, வாயை ஈரத் துணியால் மூடிக் கட்டினேன். போய்ச் சேர்ந்து உண்மையைச் சொல்லி, ராஜகுருவின் காலில் விழுந்தாவது எடுக்கச் சொல்வது என்று முடிவு.

திருச்சுழி பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. டின்னைக் காலுக்கு நடுவில் வைத்து அணைத்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"டின்னுல என்ன?"

"தண்ணி."

"நல்ல தண்ணியா? திருச்சுழிக்கா கொண்டு போறீக?"

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் நாக்கை நனைத்துக்கொண்டார். "ஒரு வாய் குடுங்கய்யா. தொண்டை காயுது."

"இது குடிக்க ஆகாது பெரியவரே."

"எதுக்குக் கொண்டு போறீக?"

"தொட்டில் போட."

"தண்ணியவா தொட்டில்ல போடுவாக?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. "ஒரு வாய்த் தண்ணி குடுக்க மனசு வரல பாரு," என்றாள் ஒரு பெண். "வெள்ளைச் சட்டையப் பாரு, மனசு கருப்பு," என்றாள் இன்னொருத்தி. எனக்கு வேர்த்துக் கொட்டியது. நான் முகத்தைத் துடைத்த நேரத்தில் பெரியவர் துணி ஓரத்தில் கையை விட்டு ஒரு சிறங்கை அள்ளிக் குடித்துவிட்டார். என் உயிர் போய் வந்தது. உள்ளே சாமந்தி கையில் தட்டியிருந்தால்?

பெரியவர் முகத்தைச் சுளித்தார். மெள்ள விழுங்கினார்.

"எங்க தெருக் கிணத்துத் தண்ணிதான்," என்றார். "இதுக்கா இந்தப் பிகு பண்ணுனாரு?"

ரோடு முழுக்கக் குண்டும் குழியும். பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் கல் டின்னில் 'டங் டங்' என்று இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் என் நெஞ்சு இடித்தது. திறந்து பார்க்கத் தைரியம் இல்லை.

திருச்சுழியில் இறங்கினால், கோகிலாம்பாள் தனியாக மர நிழலில் நிற்கிறாள். பட்டுச் சேலை. தலை நிறையப் பூ. முகத்தில் சிரிப்பு இல்லை.

"கல்லு?"

டின்னைக் காட்டினேன்.

"முருகேஸ்வரி நேத்து சாயங்காலப் பஸ்ஸுல வந்துட்டா," என்றாள். "எல்லாம் சொன்னா."

"கோகிலா..."

"அது இன்னும் கல்லு மேலதான் இருக்கா?"

"இருக்கு. ராஜகுரு கொஞ்சம் பாத்தான்னா..." துணியை அவிழ்க்கக் குனிந்தேன்.

"நடு ரோட்டுல தொறக்காதீக. எங்கம்மா வாசல்ல காத்துக்கிட்டு இருக்காக. என்னன்னு சொல்லுவீக?"

"நீதான் ஏதாவது சொல்லணும்."

"சொல்றேன். நான் பாத்துக்கிறேன். ஒரு வார்த்தை கூட உங்களக் கேக்காம நான் சமாளிக்கிறேன். ஆனா ஒண்ணு."

"என்ன வேணாலும் சொல்லு."

"நாளையிலருந்து தெனமும் காலையில நல்ல தண்ணி நீங்கதான் கொண்டாரணும். சைக்கிள்ல."

"கோகிலா, ஊரு என்ன..."

"பத்தரை ஆகப் போகுது."

"சரி."

"சரின்னா?"

"கொண்டாரேன். தெனமும் கொண்டாரேன். இந்தக் கல்லு மேல சத்தியம்."

"அந்தக் கல்லு மேல வேணாம்," என்றாள் அவசரமாக. "பிள்ளைக மேல பண்ணுங்க."

பண்ணினேன்.

டின்னைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். வீட்டுக்குள் குலவைச் சத்தம். கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தேன். நடு வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குள் மஞ்சள் பூசி, மல்லிகைப் பூச் சுற்றி, ஒரு குழவிக் கல் சொகுசாகப் படுத்திருந்தது. என் மாமியார் அதைத் தடவித் தடவி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே," என்றார். "கல்ல மககிட்ட முன்கூட்டியே குடுத்து விட்டீகளாமே. பொறுப்பான ஆளு."

நான் தொட்டிலையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தேன். அதற்குள் ராஜகுரு வந்து டின்னின் துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தான்.

"எப்படி அத்தான் எடுத்தீக? ஒரு கீறல் இல்ல!"

குனிந்து பார்த்தேன். பஸ் குலுங்கிய குலுக்கலில் சாமந்தி தானாகவே கல்லை விட்டுவிட்டு, டின்னின் அடியில் பஞ்சு மாதிரி கிடந்தது. பாதம் முழுசாக இருந்தது. அந்த மர நிழலில் ஒரே ஒரு முறை துணியை அவிழ்த்திருந்தால் எனக்குச் சத்தியமே பண்ண வேண்டியிருந்திருக்காது. ராஜகுரு அதைக் கையில் ஏந்தித் தண்ணீரோடு ஒரு மண்பானைக்கு மாற்றினான். ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார்களாம், நாளைக்கே கல்லூரிக்குக் கொண்டு போய்விடுவதாகச் சொன்னான். டின்னில் வெறும் கல் மட்டும் மிஞ்சியது.

"அப்ப இது?" என்றேன் கோகிலாம்பாளிடம், மெதுவாக.

"நம்ம பின்கதவுக்கு முட்டுக் குடுத்திருந்த பழைய தேஞ்ச குழவி."

டமார் டமார் என்று இத்தனை நாளாக அடித்த கதவு என் காதில் மறுபடி ஒரு முறை அடித்தது.

"தம்பி 'வழவழன்னு ஒரு கருங்கல்லு'ன்னு சொன்ன அன்னைக்கே குழவிய எடுத்துப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். மஞ்சத் துணியில இதச் சுத்தி வச்சேன். கெளம்பும்போது குழவியச் சேலைக்குள்ள சுத்தி எடுத்தாந்துட்டேன். உங்களுக்குக் கண்டுபிடிக்கவா போகுது? அம்மிப் பக்கம் வந்திருந்தாத்தான?"

"அப்பறம் ஏன்டி கொண்டாரச் சொன்ன?"

"சொல்லலேன்னா சத்தியம் பண்ணியிருப்பீகளா?"

குழவியை எடுத்துவிட்டுப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். நல்ல பிள்ளை. கொழுகொழுவென்று, சளி ஒன்றும் இல்லாமல், கையைக் காலை ஆட்டியது. எனக்கு நிஜமாகவே நெஞ்சு லேசானது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவனின் முழங்கையைக் கோகிலாம்பாள் தொட்டாள்.

"அந்த டின்ன இங்கயே விட்டுறாதீக. நல்லாக் கழுவி எடுத்துக்கோங்க. நாளைக்கு நல்ல தண்ணியில உப்புக் கரிச்சா, திரும்பவும் ஒரு நடை போகணும்."